மூன்றாவது ஜெபக்குறிப்பு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுத மாட்டேன் என்று ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில், செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்.

"கால்தோ, நீங்க கதை எழுதுவீங்கல்ல. இத எழுதிடாதீங்க."

"ச்சீ, நான் ஏண்டி எழுதப்போறேன்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, மனசுக்குள் முதல் வரி ஓட ஆரம்பித்துவிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். செருப்பும் பக்கத்திலேயேதான் கிடந்தது.

(கால்தோ என்றால் இந்த ஊரில் சித்தி. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாருமே பிள்ளைகளுக்குக் கால்தோதான். நான் தமிழச்சி, அவள் கொரியக்காரி, கூப்பிடுவது அரபியில். எங்கள் ஊர் மாதபாவில் யாருக்கும் இது விசித்திரமாகத் தெரியாது.)

நாலு வருஷம் ஆகிறது. அந்த வரி என்னை விட்டுப் போகவில்லை. என் வீட்டுக்காரரின் வேலைக்காக ஜோர்தானுக்கு வந்த நாங்கள் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். மூன்றாம் மாடியில் மிரான், அவள் கணவர் தேசிக் பாதிரியார், மூத்தவள் யிரே, இளையவன் சுன்வூ. மிஷனரிக் குடும்பம். அவர்கள் வந்தபோது யிரேவுக்கு நாலு வயது. பதினோரு வருஷம் ஒரே படியில் ஏறி இறங்கினால் சமையலறை அளவுக்குக் கொரியமொழி தானாக வந்துவிடும். அவர்களுக்கும் அம்மா அம்மாதான், அப்பா அப்பாதான், அது ஒரு வசதி. எனக்குப் புரியாமல் போனதை எல்லாம் யிரே அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அரபியில் சொன்னாள். அதனால் இதில் வரும் பேச்சு மூன்று மொழி கடந்து வருகிறது. சூடு மட்டும் ஆறவில்லை.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று முறை முயன்றேன்.

தொடக்கம் ஒன்று: "பொறுமை எனக்குக் கிடைத்த வரமல்ல. என் மூத்த மகளை அனுப்பித் தேவன் எனக்கு வைத்திருக்கும் பரீட்சை."

நல்ல வரி. ஆனால் என்னுடையதல்ல. ஒரு மார்ச் மாதக் கடிதத்தில் மிரான் எழுதியது. திருட்டு என்று அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் பதினான்கு பேருக்குச் சமையல்…"

வெயிலைப் பற்றி எழுதுகிற எழுத்தாளர் எதையோ எழுதப் பயப்படுகிறார் என்று பொருள். இதையும் அடித்தாயிற்று.

தொடக்கம் மூன்று: "பதினோரு வயதுவரை யிரே படுக்கையில்…"

இதை முடிக்கவில்லை. அடிக்கவும் கை வரவில்லை. அங்கேயே கிடக்கட்டும்.

3

மிரானைக் கெட்டவளாக எழுதினால் இந்தக் கதை சுலபமாக முடிந்துவிடும். ஒரு வரைவில் அப்படித்தான் எழுதினேன். உதடு மெலிந்து, எப்போதும் பைபிளும் கையுமாக ஒரு பெண். படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. அது யாரோ. எங்கள் மிரான் இல்லை.

எங்கள் மிரான் வதிவிட அனுமதிக்காகக் காலையிலிருந்து மாலைவரை அலுவலகத்தில் நின்று, "நாளைக்கு வா" என்றவனுக்கு நன்றி சொல்லிவிட்டு மறுநாள் போகிறவள். அகதிப் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தினாள். ஃபாத்தின் என்று ஒருத்தி, போரில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்தவள், ஒரே கழுத்துப்பட்டையை ஐந்து தடவை தலைகீழாக வைத்துத் தைத்தாள். ஐந்து தடவையும் மிரான் பக்கத்தில் உட்கார்ந்து தையலைப் பிரித்துக் கொடுத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நானாக இருந்தால் இரண்டாவது தடவையே துணியைப் பிடுங்கியிருப்பேன்.

இத்தனை பொறுமையும் யிரே என்ற ஒருத்தியிடம் வந்தால் மட்டும் தீர்ந்துவிடும். யிரே மெதுவாகச் சாப்பிடுவாள், மெதுவாக ஷூ மாட்டுவாள், கேட்ட கேள்விக்கு யோசித்துவிட்டுப் பதில் சொல்லுவாள். "உனக்கு ஷூ மாட்டறதுக்குள்ள ஆண்டவர் ரெண்டாவது தடவையும் வந்துட்டுப் போயிடுவாருடி!" என்று மேலிருந்து சத்தம் வரும். பிறகு கதவு அடைபடும். பிறகு மிரான் கீழே வந்து என் சமையலறையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொள்வாள். "அக்கா, ஊர்ல உள்ள எல்லாருக்கும் பொறுமை இருக்கு. வயித்துல சுமந்ததுக்கு இல்லையே. நான் என்ன பொம்பள?"

இதைத்தான் அவள் மாதாமாதம் எழுதினாள்.

(அவர்கள் வழக்கத்தில் முதல் பிள்ளை பிறந்ததும் தாயின் சொந்தப் பெயர் மறைந்துபோகும். அவளுடைய ஆட்கள் யாரும் அவளை மிரான் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "யிரே அம்மா" என்பார்கள். கதைக்கு இது முக்கியமா என்று தெரியாமல்தான் எழுதினேன். முக்கியம் என்று பிறகு தெரிந்தது.)

ஜெபக் கடிதம் என்பது நம்மூர் மிஷனரிகளும் எழுதுவதுதான். மாதக் கடைசித் திங்கட்கிழமை, கொரியாவில் அவர்களுக்காக ஜெபம் செய்கிற முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்குப் போகும். மேலே சில செய்திகள், நடுவில் ஒரு சிந்தனை, கடைசியில் எண் போட்டு ஜெபக்குறிப்புகள். ஒன்று, தையல் வகுப்பு. இரண்டு, பாதிரியாரின் முதுகுவலி. மூன்று, மூத்த மகள் யிரே.

கடிதம் எழுத அவர்களுக்குக் கறாரான சட்டம் உண்டு. நாட்டின் பெயரை எழுதக் கூடாது, "ஜோ நாடு" என்றுதான் எழுத வேண்டும். வகுப்புக்கு வரும் பெண்களின் பெயரை எழுதக் கூடாது. கடிதம் யார் கைக்குப் போகுமோ, அந்தப் பெண்களுக்கு என்ன தொந்தரவு வருமோ. அதனால் ஃபாத்தின் அதில் "சகோதரி ஃபா". எங்கள் வீட்டு உரிமையாளர் "அ அண்ணன்". நான்கூட "கீழ்வீட்டு ச" என்று வந்திருக்கிறேனாம். மிரான் ஒவ்வொரு கடிதத்தையும் மூன்று முறை படித்து, தவறிப்போய் ஒரு பெயர் வந்திருந்தாலும் அடித்துவிட்டுத்தான் அனுப்புவாள்.

4

சரி, இனித் தப்பிக்க வழியில்லை. அந்த மதியச் சாப்பாட்டுக்கு வந்தே ஆக வேண்டும்.

கொரியாவில் அவர்களுடைய சபையிலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பெட்டி பெட்டியாகக் கடல்பாசி, மிளகாய் விழுது, நெத்திலிக் கருவாடு. ஒரு போதகர், சில பெண்கள், யிரே வயதில் மூன்று பையன்கள், பிறகு பியோன் அம்மாள். எழுபத்துநாலு வயது. இவர்களைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்று முதன்முறையாக விமானம் ஏறி வந்தவர். என் பிரியாணிப் பாத்திரத்தைக் கடன் வாங்கியிருந்ததால் என்னையும் சாப்பிட உட்கார வைத்துவிட்டாள் மிரான். என் வாயில் கண்ணாடிபோல் வழுக்கும் கொரிய நூடுல்ஸ்.

யிரே தண்ணீர்க் கூஜாவோடு வந்தாள்.

"இவதான் எங்க மூத்தவ" என்றாள் மிரான்.

பியோன் அம்மாள் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். எழுந்தார். கூஜாவோடு சேர்த்து யிரேவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"அடி என் தங்கமே! நீதானா யிரே! நாலு வருஷம்டி! தினமும் விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கோயில்ல முழங்கால் போட்டு, இந்தப் புள்ள மெத்தை நனையக் கூடாது ஆண்டவரேன்னு அழுதிருக்கேன். இப்பச் சுத்தமா நின்னுடுச்சில்ல?"

ஒரு பையனுக்குப் புரையேறியது. இன்னொருவன் சிரிப்பை அடக்கத் தட்டுக்குள் குனிந்தான். கீழே தெருவில் எரிவாயு சிலிண்டர் விற்கும் வண்டி தன் பாட்டைப் போட்டுக்கொண்டு போனது.

"என்ன நின்னுடுச்சு?" என்றாள் யிரே.

அம்மாளுக்கு ஒரு சூதும் தெரியாது. "அதாம்மா! அப்புறம் கடையில அந்த அழிரப்பர் எடுத்தியே, அதுக்கு உபவாசம் இருந்தேன். திருப்பிக் கொடுத்திட்டேன்னு மறுமாசம் வந்துச்சு, என் மனசு எப்படிக் குளுந்துச்சு தெரியுமா! இரு, காட்டறேன்."

பைபிள் உறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தார். எட்டு வருஷத்துக் கடிதங்கள். ஒன்று விடாமல், மூலை மடங்காமல். "பாரு, உன் பேரு வர்ற எடமெல்லாம் சிவப்புல கோடு போட்டு வெச்சிருக்கேன். எனக்குப் பேத்தி கிடையாதும்மா."

யிரே கூஜாவை மேசையில் வைத்துவிட்டு ஃபைலை வாங்கினாள். நின்றபடியே படித்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் படித்ததெல்லாம் அரபி. கொரிய எழுத்தை விரல் வைத்து ஒவ்வொன்றாகத்தான் வாசிப்பாள்.

இதற்கு மேல் என்னை விடுங்கள், மிரானுக்குள் போகிறேன். எந்த மாதத்தில் எதை எழுதினோம் என்று மனசு ஓடியது. மே, பள்ளிக்கூடத்துச் சண்டை. ஜூன், பரவாயில்லை, ஜூனில் ஒன்றும் இல்லை. செப்டம்பர், ஐயோ, செப்டம்பர். பிப்ரவரிக்கு மட்டும் போகாதே, கர்த்தரே, அவள் பிப்ரவரிக்கு மட்டும் போகக் கூடாது. தன் பிள்ளை மெதுவாகப் படிப்பதற்காக மிரான் முதன்முதலாக நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

விரல் நகர்ந்து நகர்ந்து பிப்ரவரிக்கு வந்தது.

[பிப்ரவரிக் கடிதத்தில் இருந்ததை நான் எழுதப் போவதில்லை. இரண்டு பேரும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, பதிமூன்று வயதில், யிரே அம்மாவிடம் மட்டும் சொன்ன ஒரு விஷயம். "யாருக்கும் சொல்லாதம்மா" என்ற வார்த்தையையும் சேர்த்து, மேற்கோள் குறி போட்டு, அதில் இருந்தது.]

யிரே தலையை நிமிர்த்தினாள். குரல் உயரவில்லை.

"அம்மா, 'சகோதரி ஃபா'ன்னா யாரு? ஃபாத்தின் அக்காவா?"

"ஆமா."

"அவங்க பேரை ஏன் எழுதல?"

"எழுதினா அவங்களுக்குப் பிரச்சன வரும்லடி, யாரு கையில கெடைக்குமோ, வெளியில தெரிஞ்சா அவங்க மனசு…"

மிரானின் வாய் திறந்தபடியே நின்றது. அவளும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எட்டு வருஷம், மூன்று மூன்று முறை படித்து, ஊர்ப் பெண்களின் பெயரை எல்லாம் தேடித் தேடி அடித்தவள். இந்த ஒரு பெயர் கண்ணில் படவே இல்லை. அவள் முகம் பேயறைந்ததுபோல் ஆனதை நான் பார்த்தேன்.

5

அடுத்தது சமையலறை. நான் காலிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது கதவு சாத்தியிருந்தது, உள்ளே அம்மாவும் மகளும். நாகரிகமான பெண் திரும்பிப் போயிருப்பாள். நான் நின்றேன்.

"ஊரு பேரை மறைச்ச. வீட்டுக்காரரு பேரை மறைச்ச. அவருகிட்ட ஒரு கழுதை இருந்திருந்தா அது பேரையும் மறைச்சிருப்ப. நான் யாரும்மா உனக்கு?"

"அவங்க உம்மேல உசுரா இருக்காங்கடி. பார்த்தேல்ல, அந்தம்மா எப்படி அழுதாங்க!"

"அந்தப் பசங்களும் பார்த்தாங்க."

"நான் உன்னைக் குறை சொல்லி எழுதல. என்னைத்தான் எழுதினேன். எனக்குப் பொறுமை இல்லைன்னுதான் எழுதினேன்."

"என்னை வெச்சு."

குழாயைத் திறந்துவிடும் சத்தம். பிறகு மிரான் வெடித்தாள்.

"வேற என்னத்த எழுதறது? தையல் வகுப்பைப் பத்தி எழுதினா ஒருத்தர் பதில் போட மாட்டாங்க. உன்னைப் பத்தி எழுதினா நாப்பது பேரு, அழுதுட்டேன் அழுதுட்டேன்னு எழுதறாங்க. இந்தக் கண்ணுகாணாத ஊர்ல அதை வெச்சுத்தான் நான் நாளைத் தள்ளினேன். நீ இல்லாட்டி அந்த லெட்டரே இல்லடி!"

சொன்ன மறுகணமே அவள் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அது தெரிய வழியில்லை. ஒரு வரைவில், அவள் மகளின் காலில் விழுந்ததாக எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. நடக்கவில்லை. எடுத்துவிட்டேன்.

யிரே கதவைத் திறந்துகொண்டு வந்து, என்னையும் என் பாத்திரத்தையும் பார்த்துவிட்டு, படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் நான் அந்த வாக்கைக் கொடுத்தேன்.

6

விருந்தாளிகள் போனார்கள். பத்து நாள் யிரே அம்மாவோடு பேசவில்லை. சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், தட்டைக் கழுவி வைத்தாள். மிரான் ஷூ அலமாரிக்குப் பக்கத்தில் நின்று, அவள் மெதுவாக நாடா கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு சத்தம் போட மாட்டாள். கீழ்வீட்டில் எங்களுக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

கடைசித் திங்கட்கிழமை வந்தது. கடிதம் போக வேண்டிய நாள். காலையில் மிரான் என் வீட்டுக்கு வந்து ஒரு தாளை நீட்டினாள்.

"வாசிக்கிறேன், கேளுங்கக்கா."

யிரேவின் கோணல் எழுத்து. மெனக்கெட்டுக் கொரியமொழியில் எழுதியிருக்கிறாள்.

"அன்பான ஜெபப் பங்காளிகளே, ஜோ நாட்டிலிருந்து எழுதுகிறேன். ம என்ற நாற்பத்துமூன்று வயது அம்மாவுக்காக ஜெபம் செய்யுங்கள். ஒன்று: ம குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். வெளியே கேட்காது என்று நினைக்கிறாள். எங்கள் எல்லாருக்கும் கேட்கும். இரண்டு: ம தன் அக்காவோடு போனில் பேசும்போது, எனக்கு இங்கே இருக்கவே பிடிக்கவில்லை, ஊழியம் செய்கிறேன் என்று நடிக்கிறேன் என்றாள். மூன்று:"

மூன்று என்று போட்டு, பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"என்ன இது, அரைகுறையா விட்டிருக்கா?" என்றேன்.

"மூணாவது என்னன்னு எனக்குத் தெரியும்க்கா. அவளுக்கும் தெரியும். அந்த ஒரு நாள் வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம். எழுதாம விட்டிருக்கா." மிரான் என் சாப்பாட்டு மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "உன் லெட்டர் போனா இதுவும் போகும், முந்நூத்திப் பன்னெண்டு வெலாசமும் எங்கிட்ட இருக்குன்னு சொல்லிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டா. எல்லாம் உண்மை, அக்கா. ஒரு பொய் இல்ல. இதைப் பாருங்க." விரலை வைத்துக் காட்டினாள். "என் பேரை எழுதல பாருங்க. இவ்வளவு கோவத்துலயும் அம்மா பேரை மறைச்சிருக்கா. எட்டு வருஷமா பொறுமை பொறுமைன்னு எழுதினேனே. வீட்டுல யாருக்குப் பொறுமை இருந்துச்சுன்னே தெரியாம எழுதியிருக்கேன்."

அழவில்லை. அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுது தொலைத்திருப்பேன்.

7

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) மிரான் அந்த மாதம் கடிதமே அனுப்பவில்லை. கொரியாவிலிருந்து நாற்பது பேர், "யிரேவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள்.

(ஆ) அனுப்பினாள். தையல் வகுப்பு, முதுகுவலி, மூன்றாவது இடத்தில் "மூத்த மகள் யி". எட்டு வருஷம் பெயரோடு வந்தவளுக்கு ஓரெழுத்தா என்று சபையில் குழம்பினார்கள். பியோன் அம்மாள் மட்டும் பழைய ஃபைலை எடுத்து, சிவப்புக் கோடு போட்ட இடங்களில் எல்லாம் கறுப்பு மை தடவினார்.

(இ) மிரான் தன் கடிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, மகள் எழுதியதை அப்படியே அனுப்பினாள். ஓரிடத்தில் மட்டும் கைவைத்தாள். "ம" என்று இருந்த இடங்களில் "மிரான்" என்று எழுதினாள். மூன்றாவதையும் எழுதினாள்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு மிரானின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சொல்ல மாட்டேன். இந்தக் குடும்பத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது போதும்.

8

இந்த இடத்தோடு முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கொடுத்த வாக்கு உறுத்தியது. யிரே இப்போது இர்பித் நகரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். போன் போட்டு, எழுதிவிட்டேன் என்று சொன்னேன். திட்டுவாள் என்று காதைத் தள்ளி வைத்துக்கொண்டேன். "படிங்க" என்றாள். ஏழு பகுதியையும் அரபியில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் வழக்கம்போல யோசித்துவிட்டுப் பேசினாள்.

"என் பேரை மாத்திட்டீங்களா?"

"முதல் வரைவுலயே மாத்திட்டேன்மா."

"அம்மா பேரை?"

நான் விழித்தேன். மாற்றவில்லை. மகளின் பெயரை மறைக்க வேண்டும் என்று தெரிந்த எனக்கு அம்மாவின் பெயர் கண்ணில் படவே இல்லை.

"மாத்துங்க கால்தோ."

மாற்றிவிட்டேன். நீங்கள் இதுவரை படித்த மிரான், மிரான் இல்லை.

"அந்த மெத்தை விஷயம்?" என்று கேட்டாள்.

"அது எப்படிடி எடுக்கறது?" என்றேன். "அது இல்லாட்டி இந்தக் கதையே இல்லையே."

யிரே சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு, அதுதான் என்னை அடித்துப்போட்டது.

"அம்மாவும் இதையேதான் சொன்னா, கால்தோ" என்றாள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அந்தப் பத்தியை எடுத்தேன். மறுநாள் திரும்ப வைத்தேன். மறுபடி எடுத்தேன். இப்போது அது இருக்கிறது, நீங்களும் படித்துவிட்டீர்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களோடு இன்னும் ஒரு குடும்பம். இரண்டாம் பகுதியில் பாதியில் விட்ட ஒரு வாக்கியம் அப்படியே கிடக்கிறது. என் கையால் அதை அடிக்க முடியவில்லை. பேனா உங்களிடம் இருந்தால் நீங்கள் அடித்துவிடுங்கள்.

எப்போதாவது, ஏதாவது ஒரு விமான நிலையத்தில், அரபி பேசிக்கொண்டு மெதுவாக ஷூ நாடா கட்டும் ஒரு கொரியப் பெண்ணைப் பார்த்தால், அவள் கட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து வழி விடுங்கள். உங்களுக்கு அவளைத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதீர்கள். ஒன்றும் கேட்காதீர்கள்.